சைலன்சரை மாத்தினா லாரிக்கு பவர் கூடுமா? ‘ரீமேப்’ ஆசையும் அசல் கணக்கும்

“வண்டி இழுக்கல.”

லாரி, பிக்அப் வைத்திருப்பவர்களிடம் பேசினால் டீசல் விலைக்கு அடுத்து காதில் விழும் புகார் இதுதான். கூடவே தீர்வும் தயாராக இருக்கும். சைலன்சரை மாத்திடலாம், இல்லைன்னா லேப்டாப்பை சொருகி ‘ரீமேப்’ பண்ணிடலாம். ரீல்ஸைத் திறந்தால் பவரும் கூடும், மைலேஜும் கூடும், யூரியாவும் ஊத்த வேணாம் என்று ஒரே நிமிடத்தில் மூன்று வரம் கொடுக்கிறார்கள்.

இதில் எது நிஜம், எது கதை? டர்போ இன்ஜினில் இருந்தே ஆரம்பிப்போம்.

இன்ஜினில் டீசல் எரிந்து வெளியே போகும் புகைக்கு நல்ல வேகமும் சூடும் இருக்கும். அதைச் சும்மா வெளியே விடாமல், வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். அந்தச் சக்கரத்தோடு ஒரே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் வந்தால் அதிக டீசலை எரிக்கலாம். அவ்வளவுதான் டர்போ.

டர்போவைத் தாண்டிய பிறகு புகைக்குத் தடை குறைந்தால், சக்கரம் கொஞ்சம் சீக்கிரம் வேகம் பிடிக்கும். அதனால் ‘எக்ஸாஸ்ட் ஃப்ரீயா இருந்தா நல்லது’ என்பதில் அறிவியல் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினைவிட டர்போ இன்ஜினுக்குத்தான் இது அதிகம் பொருந்தும்.

சரி, அப்போ ஏன் பைப்பை மட்டும் மாற்றினால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை?

காரணம் இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும், எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை அதற்குள் இருக்கும். பைப் ஃப்ரீயாகி டர்போ கூடுதலாகச் சுற்றினால், சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். இசியு உடனே டர்போவை அடக்கி, பழைய அளவுக்கே கொண்டு வந்துவிடும். டீசல் இன்ஜினில் பவரைத் தீர்மானிப்பது எரியும் டீசலின் அளவு. அது மாறாதவரை, மாறுவது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் கூடினால் பவர் கூடியது போலவே இருக்கும். காது செய்யும் வேலை அது!

சாஃப்ட்வேர் மாற்றம் அப்படி இல்லை. அதில் நிஜமாகவே பவர் கூடும். ஒரே 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின் டாடா லாரிகளில் 250 குதிரைத்திறனிலும் வருகிறது, 300 குதிரைத்திறனிலும் வருகிறது. பல புது லாரிகளின் டேஷ்போர்டில் லைட், மீடியம், ஹெவி என்று ஒரு சுவிட்ச் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலி வண்டிக்கு ஒரு அளவு, முழு லோடுக்கு ஒரு அளவு என்று கம்பெனியே கொடுத்திருக்கும் ட்யூனிங் அது. பாதி பேர் அதை ஹெவியிலேயே விட்டுவிட்டு மைலேஜ் வரலைன்னு புலம்புகிறார்கள் என்பது தனிக்கதை.

ஆனால் 250-ஐ 300 ஆக்குவதற்கு கம்பெனி சாஃப்ட்வேரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துவதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் அந்த இழுவையைத் தாங்குமா என்று சோதித்த பிறகே விற்கிறது. வெளியில் ரீமேப் செய்பவர் எண்களை மட்டும் ஏற்றுகிறார். டீசல் கூடினால் எக்ஸாஸ்ட் சூடும் கூடும். ஜாலியாக ஓட்டும் காரில் அந்தச் சூடு சில விநாடிகள்தான். முழு லோடோடு மலை ஏறும் லாரியில் பத்து, இருபது நிமிடம் விடாமல் இருக்கும். அதில் டர்போவும் பிஸ்டனும் அடி வாங்கும். சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். லாரி பிஸ்டன்கள் பலவும் அலுமினியக் கலவைதான், ஆயில் தெளித்துக் குளிரவைத்துத்தான் அவற்றைக் காப்பாற்றுகிறார்கள்.

சரக்கு லாரிகளுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால், சமதரையில் கூடுதல் பவரால் பெரிய லாபமும் இல்லை. ஏற்றத்தில் மட்டும்தான் தெரியும்.

இறக்கத்தை யாரும் பேசுவதில்லை

தருமபுரியில் இருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும் டிரைவருக்கு எக்ஸாஸ்ட் பிரேக்கின் அருமை தெரியும். புகைக்குழாயில் இருக்கும் ஒரு வால்வை மூடி, இன்ஜினுக்குள்ளேயே அழுத்தத்தைத் தேக்கி வண்டியை அடக்குவதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். சாதாரண பிரேக் சூடாகிப் பிடிப்பு இழக்காமல் இருக்க இதுதான் துணை. அதாவது, ஏற்றத்தில் வேண்டாம் என்று நாம் நினைக்கும் அதே தடை, இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றுகிறது. பைப்பை வெட்டி ஒட்டும்போது அந்த வால்வும் அதன் இணைப்பும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

யூரியா ‘டெலிட்’: நிஜமான ஆசை இங்கேதான்

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 லாரியில் ‘சைலன்சர்’ என்று நாம் சொல்லும் பெட்டி வெறும் சைலன்சர் இல்லை. கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரும், யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆரும் அதற்குள்தான் இருக்கின்றன. அதைக் கழற்றினால் சென்சார்கள் கத்தும், இசியு பவரைக் குறைத்துவிடும். அதனால்தான் பைப் வேலையும் சாஃப்ட்வேர் வேலையும் ஒரே பேக்கேஜாக வருகின்றன. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று இசியுவிடம் பொய் சொல்ல வைப்பதுதான் அந்த சாஃப்ட்வேரின் வேலை.

ஏன் செய்கிறார்கள்? மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் டீசல். யூரியா அதில் சுமார் 5 சதவீதம் என்றால் 125 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று வைத்தால் மாதம் 7,500 ரூபாய். டியூ கட்டும் ஒற்றை லாரி ஓனருக்கு இது சின்னத் தொகை இல்லை. ரோட்டில் சென்சார் போய், பவர் குறைந்து, லோடோடு நின்ற அனுபவமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் கணக்கின் மறுபக்கம் இருக்கிறது. வண்டியின் அசல் அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டுமே என்று வைத்தது. வாரண்டி போய்விடும். வெளியாள் கை வைத்ததை சர்வீஸ் சென்டர் இசியுவைப் படித்தே கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கவும் இடம் கொடுத்துவிடுகிறோம்.

“பொல்யூஷன் சர்டிஃபிகேட் கிடைச்சிடுதே?” என்று கேட்கலாம். கிடைக்கும்தான். டீசல் வண்டிக்கு அந்த மையத்தில் அளப்பது புகையின் அடர்த்தியை. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. இது சோதனையில் இருக்கும் ஓட்டை, வண்டி சுத்தம் என்பதற்கான அத்தாட்சி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே கேபினில் படுத்துத் தூங்குபவர்கள் டிரைவரும் கிளீனரும்தான்.

அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்அப் டிரக்குகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020-ல் மதிப்பிட்டது. அவற்றின் ஆயுள் முழுக்க வெளிவரும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 5.7 லட்சம் டன்.

அப்போ ‘இழுக்காத’ வண்டிக்கு என்ன செய்வது?

வண்டி வாங்கியபோது நன்றாக இழுத்தது, இப்போது இழுக்கவில்லை என்றால், அதற்குப் பெயர் பவர் போதாமை இல்லை, ரிப்பேர். ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசல் ஃபில்டர், கரி அடைத்த இஜிஆர் வால்வு, டர்போவின் ஆக்சுவேட்டர், காற்று குறைந்த டயர், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக் என்று பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. டிபிஎஃப் அடைத்திருந்தாலும் வெட்டி எறிய வேண்டாம். உள்ளூரிலேயே நின்று நின்று ஓடும் வண்டியில் ஃபில்டர் போதிய சூடாகாது, கரி எரியாது. சில நேரம் ஹைவேயில் ஒரு நல்ல ஓட்டம் அல்லது சர்வீஸ் சென்டரில் ரீஜெனரேஷன் செய்வதே போதும்.

என் சித்தப்பாவின் டர்போ பிக்அப்புக்கு ரீமேப் பண்ண 18,000 ரூபாய் கேட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியவரை, பழக்கமான மெக்கானிக் ஒருத்தர் “பானெட்டைத் தூக்குங்கண்ணே, ஒரு தடவை பாத்துடுவோம்” என்று நிறுத்தினார். டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரல் நீளத்துக்குக் கிழிசல். டர்போ அழுத்தி அனுப்பிய காற்றெல்லாம் அது வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஹோஸையும் இரண்டு கிளாம்ப்பையும் மாற்றிய அன்றே வண்டி பழையபடி இழுத்தது.