184 கிலோமீட்டர்... பல பத்தாண்டுகள்!

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். உங்களிடம் ஒரு குட்டிக் கேள்வி. இங்கிருந்து சென்னை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா?

'சென்னைதான், இதென்ன கேள்வி' என்று சொன்னால்... ஸாரி பாஸ், அவுட்! சென்னைக்கு ரோடு வழியாக சுமார் 340 கி.மீ. யாழ்ப்பாணமோ, காக்கா பறக்கும் தூரத்தில் இதில் பாதிகூட இல்லை.

நம்பிக்கை இல்லையா? அட்லஸை எடுங்கள். பிளஸ் டூ கணக்கு போதும். திருச்சி ஏர்போர்ட்டுக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி ஏர்போர்ட்டுக்கும் அட்சரேகை வித்தியாசம் 0.97 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 108 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 1.36 டிகிரி. நம் ஊர்ப் பக்கம் இது சுமார் 149 கி.மீ. இப்போது நம்ம பிதாகரஸைக் கூப்பிடுங்கள். விடை 184 கி.மீ! அந்த நேர்க்கோடு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே, வயலும் தென்னந்தோப்புமாகப் போய், மல்லிப்பட்டினம் பக்கம் கடலில் இறங்குகிறது.

2025 மார்ச் 30-ஆம் தேதி திருச்சி - யாழ்ப்பாணம் விமானத்தை இண்டிகோ தொடங்கியது. ஓடுவது ஏ.டி.ஆர். என்ற இறக்கை விசிறி வைத்த சின்ன விமானம். மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம். அப்படியானால் 22 நிமிஷத்தில் போய்விட வேண்டுமே? ஆனால் டைம்டேபிளில் போட்டிருந்தது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

ஏமாத்து வேலை இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போன ஊரில் போய் நிற்பது வரை எல்லாமே பயண நேரம்தான். ரன்வேக்கு ஊர்ந்து போகணும், மேலே ஏறணும், இறங்க வரிசையில் காத்திருக்கணும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். தூரம் குறையக் குறைய இந்தச் 'சில்லறை' நேரம்தான் பெரிசாகத் தெரியும். டவுன் பஸ் மாதிரிதான்!

இதெல்லாம் கடிகாரக் கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது.

1947 டிசம்பரிலேயே ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸ் வந்தது. காங்கேசன்துறை விமான நிலையம் என்றால் இதே பலாலிதான். பிறகு போர். அந்த ஓடுதளம் ராணுவத்தின் கைக்குப் போனது. பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவுக்கு ஒரு பயணிகள் விமானமும் இல்லை. 2019 அக்டோபர் 17-இல்தான் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் சென்னைக்கு. திருச்சிக்கு 2025-இல்.

அதுவரை திருச்சியில் இருக்கும் ஒரு பாட்டி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சியை விமானத்தில் போய்ப் பார்க்க என்ன செய்யணும்? கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சுமார் 400 கி.மீ. ரயிலிலோ பஸ்ஸிலோ வடக்கே திரும்பி வரணும். இல்லையென்றால் முதலில் சென்னைக்குப் போகணும். எதிர்வீட்டுக்குப் போக ஊரையே சுற்றுகிற கதை!

அடுத்த தடவை தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது இதை நினைத்துப் பாருங்கள். அதைவிடக் குறைந்த நேரத்தில் கடலைத் தாண்டிவிடலாம். இரண்டு ஊரையும் தூரமாக்கியது கிலோமீட்டர் இல்லை, ஃப்ரெண்ட்ஸ்!