பஞ்சைத் தூக்கத் தெரியாத யந்திரக் கை!

இரும்புத் தகடுகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றவைக்கும் யந்திரக் கை, ஒரு பிடிப் பஞ்சிடம் தோற்றுப் போயிற்று என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் டெஸ்லா கார் கம்பெனியில் நடந்த விஷயம் இது. 'மாடல் 3' என்ற மின்சாரக் காரின் பாட்டரிப் பெட்டிமேல் கண்ணாடி இழை விரிப்பு ஒன்றை ஒட்ட வேண்டும். பஞ்சுபோல் துவளும் அந்த விரிப்பை மனிதன் இரண்டு விரலால் எடுத்து வைத்துவிடுவான். யந்திரமோ சில சமயம் எடுக்கவே எடுக்காது. எடுத்தாலும் கண்ட இடத்தில் வைக்கும். அது திணறும்போதெல்லாம் மொத்த வேலையும் ஸ்தம்பித்தது.

கம்பெனித் தலைவர் எலான் மஸ்க் முதலில் யந்திரத்தைத் திருத்தப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார்; கை நகரும் பாதையைக் குறுக்கினார். கடைசியில்தான், "இந்த விரிப்பு எதற்கு?" என்று கேட்கத் தோன்றியது. பாட்டரிப் பிரிவினர், சத்தத்தைத் தடுக்க என்றார்கள். சத்தத்தைக் கவனிக்கும் பிரிவினரோ, தீயைத் தடுக்க என்றார்கள்! விரிப்போடு ஒரு கார், விரிப்பில்லாமல் ஒரு கார். இரண்டிலும் சத்தத்தைப் பதிவு செய்து கேட்டார்கள். வித்தியாசமே தெரியவில்லை. விரிப்பும் போயிற்று, அதை வைக்க வந்த யந்திரமும் போயிற்று.

சுமைகூலி முக்கால் பணம்

யந்திரக் கையின் விலையோடு செலவு முடிவதில்லை. பொருளைப் பற்றும் விரல்கள், அதை அசையாமல் நிறுத்தும் சட்டம், பாதுகாப்பு வேலி, கட்டளை எழுதும் நிபுணர்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்து பல இடங்களில் கையின் விலையையே தாண்டிவிடுகின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். யந்திரத்துக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆலையை நிறுத்தினால் அந்த நேரமும் நஷ்டம். ஆகவே இப்போது கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்த் தொழிற்சாலை அமைத்து, அங்கே ஒத்திகை முடித்த பிறகே நிஜக் கைக்குப் பாடம் நடத்துகிறார்கள். நாடகக்காரர்கள் அறியாத வித்தையா இது! ஆனால் அந்த விரிப்புக்கு ஒத்திகை பார்த்திருந்தால் ஒத்திகைச் செலவும் வீண்தான்.

டெஸ்லா கார்கள் உருவாகும் ஃப்ரீமாண்ட் ஆலைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1982-ல் மூடிவிட்டுப்போன ஆலை அது. 1984-ல் ஜப்பானின் டொயோட்டாவுடன் கூட்டாக அதை மறுபடி திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள். யந்திரக் கைகளை அதிகம் நம்பாமல், வேலை முறையை ஒழுங்கு செய்தே தரமான கார்களை வெளியே அனுப்பினார்கள். அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1985-ல் டெட்ராய்ட்டில் யந்திரக் கைகள் நிறைந்த புது ஆலை ஒன்றைத் திறந்தது. அங்கே வர்ணம் பூசும் கைகள் காரை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று வர்ணம் அடித்துக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின!

2010-ல் ஃப்ரீமாண்ட் ஆலையை டெஸ்லா வாங்கியது. 2018 ஏப்ரலில், அளவுமீறி யந்திரங்களைப் புகுத்தியது தம் தவறே என்று மஸ்க் பகிரங்கமாகச் சொன்னார். சிக்கலான கன்வேயர் பின்னலைப் பிரித்தெறிந்தார்கள். ஜூன் மாதம் ஆலைக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான கூடாரம் போட்டு, பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே கார்களைப் பூட்டினார்கள். வாரத்துக்கு 5,000 மாடல் 3 கார் என்ற இலக்கு முதன்முறையாக எட்டியது அந்த மாதக் கடைசி வாரத்தில்தான்.