தோலே இல்லாதவள் சிபாரிசு செய்யும் கிரீம்

ரீல்ஸ் பார்த்து முகக் கிரீம் வாங்கி, முகம் தடித்துப் போனவர்கள் முதலில் செய்வது, அதைச் சிபாரிசு செய்த பெண்ணின் பக்கத்தில் போய்த் திட்டி எழுதுவது. அவள் கணினியில் உருவான பொம்மை என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "இருந்தா என்ன?" என்கிறார்கள். இந்த அலட்சியம் எனக்குப் பிடிபடவே இல்லை.

2016-இல் அமெரிக்காவில் லில் மிக்கேலா, 2022-இல் இந்தியாவில் கைரா என்று இந்த உருவங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தினமும் பார்க்கிற முகம், கமென்டுக்குப் பதில் போடுகிறது, பண்டிகைக்கு வாழ்த்துகிறது. பழகப் பழக நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் "நான் பூசிப் பார்த்தேன்" என்று சொல்ல அதற்குத் தோல் கிடையாது. அந்த வாக்கியத்தை எழுதியது ஒரு நிறுவனம்.

சிபாரிசு செய்பவருக்குப் பொருளைப் பற்றிப் போதிய தகவலோ அனுபவமோ இருக்க வேண்டும் என்கின்றன மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள். காசு வாங்கிய விளம்பரம் என்றால் அதைத் தெளிவாக, விளம்பரத்தின் மொழியிலேயே சொல்ல வேண்டும். இது கணினி உருவங்களுக்கும் பொருந்தும். தமிழ் ரீலில் ஹேஷ்டேக் குவியலுக்குள் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒளித்து வைத்தால் போதாது.

ஏமாந்தால் முதல் வேலை, திட்டுவது அல்ல. நீங்கள் திட்டிய மறுநிமிடம் ரீல் காணாமல் போகலாம். ஸ்கிரீன் ரெக்கார்டிங், கணக்கின் பெயர், லிங்க், தேதி, பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டப்பாவையும் தூக்கி எறியாதீர்கள்.

பணம் கட்டியது மோசடிக் கணக்குக்கு என்று தெரிந்தால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினமாகிவிடும். பொருள் வந்தும் சொன்னது பொய் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பொய் விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் தரலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். "இது எங்க வேலை இல்லை" என்று அங்கே யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஆனால் அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: ஆதாரத்தை எடுத்து வைத்த பிறகு கமென்ட் எழுதுங்கள்.