வயிறு பருத்தால் சினையா, நோயா? ஆக்சலாட்டல் வளர்ப்போர் கவனத்திற்கு

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தொட்டியில் ஓர் ஆக்சலாட்டல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரமாக அதன் வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. “குட்டி போடப் போகுது!” என்று தம்பி குதிக்கிறான். “பாவம், வாயும் வயிறுமா இருக்கு. நல்லா சாப்பாடு போடு” என்கிறார் அம்மா. நீங்களும் ஆசையோடு காத்திருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அது செத்து மிதக்கிறது. வயிற்றுக்குள் இருந்தது குட்டியும் அல்ல, முட்டையும் அல்ல. தொட்டியில் அழகுக்காகப் போட்ட கூழாங்கல்.

இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? முதலில் இந்தப் பிராணியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக்சலாட்டல் மீன் அல்ல. அது சலமாண்டர் வகையைச் சேர்ந்த நீர்நில வாழ்வி. தவளைக்குச் சொந்தம் என்று சொல்லலாம். அதன் தாயகம் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சொச்சிமில்கோ ஏரிப் பகுதி. மற்ற பல சலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறிவிடும். ஆக்சலாட்டல் மட்டும் தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களோடு, குஞ்சுப் பருவத் தோற்றத்திலேயே நீருக்குள் வாழ்ந்து முட்டையும் இடும். 2021-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் இது இடம்பெற்ற பிறகு, பள்ளி மாணவர்களிடையே இன்னும் பிரபலமானது.

ஆக்சலாட்டல் கர்ப்பம் தரிக்குமா?

மைன்கிராஃப்டில் இரண்டு ஆக்சலாட்டல்களுக்கு மீன் கொடுத்தால் உடனே ஒரு குட்டி வந்துவிடும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. ஆண் ஆக்சலாட்டல் தொட்டியின் தரையில் கூம்பு வடிவில், கூழ் போன்ற விந்தணுப் பொதிகளை ஒட்டி வைக்கும். பெண் அவற்றின் மேல் நகர்ந்து, தன் கழிவுத்துளை வழியாக உள்ளே எடுத்துக்கொள்ளும். அதன் பின் சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். குஞ்சுகள் வெளியே, முட்டைக்குள்தான் வளர்கின்றன. ஆகவே, வாரக்கணக்கில் குட்டியைச் சுமக்கும் கர்ப்ப காலம் ஆக்சலாட்டலுக்குக் கிடையாது.

எல்லாச் சலமாண்டர்களும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்ப்ஸ் மலையில் வாழும் கருப்புச் சலமாண்டர் இரண்டு ஆண்டு அல்லது அதற்கும் மேல் கருவைச் சுமந்து, பெரும்பாலும் இரண்டே குட்டிகளை முழு உருவத்தோடு ஈனும். ஆகவே, நீங்கள் வளர்ப்பது எந்த இனம் என்பதுதான் முதல் கேள்வி.

தமிழில் ‘சினை’ என்ற சொல் பசுவுக்கும் பொருந்தும், மீனுக்கும் பொருந்தும். சினைப்பசுவின் வயிற்றில் கன்று இருக்கிறது. சினைமீனின் வயிற்றில் முட்டை இருக்கிறது. பெண் ஆக்சலாட்டலைச் சினைமீனோடு ஒப்பிடுங்கள். ஆண் துணை இல்லாவிட்டாலும் அதன் உடலில் முட்டைகள் உருவாகும். சில வேளைகளில் அவற்றை உடலே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். சில வேளைகளில் பொரிக்காத முட்டைகளாக இட்டுவிடும்.

வயிறு பருக்க நான்கு காரணங்கள்

முதலாவது, உணவு. மண்புழுவை நிறையத் தின்ற ஆக்சலாட்டலின் வயிறு அன்று பெருத்திருக்கும். ஓரிரு நாளில் வடிந்துவிடும். வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை உணவு போதும்.

இரண்டாவது, முட்டை. வயிறு மெதுவாக, இருபக்கமும் சமமாக உருண்டு வரும். பிராணி வழக்கம் போல நடமாடும், உண்ணும். இதற்கு அது வளர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். ஆக்சலாட்டல் பொதுவாக ஒரு வயதை ஒட்டியே முதிர்ச்சி அடைகிறது. எனவே மூன்று நான்கு மாதக் குஞ்சின் வயிறு பருத்தால் அதற்கு முட்டை காரணமல்ல. ஆணா பெண்ணா என்பதை வால் தொடங்கும் இடத்தில் பார்த்தால் தெரியும். வளர்ந்த ஆணுக்குக் கழிவுத்துளையின் இருபுறமும் நன்றாகப் புடைத்திருக்கும்.

மூன்றாவது, கல். ஆக்சலாட்டல் வாயை ‘டபக்’ என்று திறந்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி விழுங்கும். பக்கத்தில் கூழாங்கல் இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். குடல் அடைபட்டால் உணவைத் தொடாது, கழிவும் வெளியேறாது. சில சமயம் கீழே இறங்க முடியாமல் மிதக்கும்.

நான்காவது, நீர்க்கோவை. சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் பழுதானாலோ தொற்று ஏற்பட்டாலோ உடலுக்குள் நீர் சேரும். வயிறு சில நாட்களிலேயே பலூன் போல இறுகி உப்பும். கழுத்தும் கால்களும்கூட வீங்கலாம்.

முதல் இரண்டுக்கும் பயப்படத் தேவையில்லை. கடைசி இரண்டும் உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ‘பெரிய வயிறு’தான். அதனால் வயிற்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

வேறு எங்கே பார்க்க வேண்டும்?

செவுளைப் பாருங்கள். நலமான ஆக்சலாட்டலின் செவுள் இழைகள் அடர்த்தியாக, இறகு போல விரிந்திருக்கும். இழைகள் சுருங்கிப் போனாலும், செவுள் தண்டுகள் முன்பக்கமாக வளைந்தே இருந்தாலும் நீரில் ஏதோ சரியில்லை. பஞ்சு போன்ற வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சை.

வாலைப் பாருங்கள். வால் நுனி கொக்கி போல மடங்கியிருப்பது மன உளைச்சலின் அடையாளம். பிறகு உடலை மேலிருந்து பாருங்கள். வயிறு ஏறக்குறைய தலையின் அகலத்துக்கு இருந்தால் சரியான எடை என்று வளர்ப்போர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிட ஒடுங்கினால் பட்டினி அல்லது நோய்.

நம் ஊர் வெயிலும் தொட்டி நீரும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சலமாண்டர்கள் இயற்கையாக வாழ்வதில்லை. ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீர் ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. நம் வீட்டு அறையிலோ பகலில் 30 டிகிரி இருக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். பிராணியின் உடலுக்கோ ஆக்சிஜன் தேவை கூடும். பசி குறைந்து, நோயை எதிர்க்கும் சக்தியும் போய்விடும். நீரைக் குளிர்விக்கும் கருவி வாங்க முடியாதவர்கள் இந்தப் பிராணியை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

நீரின் தரத்தைச் சோதனைக் கருவியால் அளந்து பாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். குழாய் நீரைக் குளோரின் நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். தரையில் சரளைக்கல் வேண்டாம்.

சந்தேகம் வந்தால்

வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். மென்மையான தோலும் உள்ளுறுப்புகளும் காயப்படும். மீனுக்கான மருந்தை ஊற்றாதீர்கள். நீர்நில வாழ்விகளின் தோல் அதை எளிதில் உறிஞ்சிவிடும். வெப்பநிலை, கடைசியாக உண்ட நாள், கழிவு வெளியேறிய நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் செல்லுங்கள். முட்டையா, கல்லா, நீரா என்பதை ஊடுகதிர்ப் படமோ ஸ்கேனோ காட்டிவிடும்.

உண்மையிலேயே முட்டையிட்டால்? அப்போதும் யோசிக்க வேண்டும். 1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் ஆறு, விலங்கியல் அறிஞர் ஆகுஸ்ட் துமேரிலிடம் வந்தன. ஆறில் ஒன்றே ஒன்றுதான் பெண். அடுத்த ஆண்டே அவை இனம் பெருக்கின. இன்று உலக ஆய்வுக்கூடங்களில் உள்ள பல ஆக்சலாட்டல்கள் அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் வரும்; இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். பசித்த குஞ்சுகள் ஒன்றின் காலை ஒன்று கடித்துத் தின்னும். அத்தனையையும் வளர்க்க முடியாது என்றால் ஆணையும் பெண்ணையும் முன்கூட்டியே தனித்தனித் தொட்டியில் விடுவதே நல்லது. எக்காரணம் கொண்டும் சாக்கடையிலோ ஆற்றிலோ விடாதீர்கள்.

இன்றே ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, தொட்டிக்கு நேர் மேலிருந்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியும்படி படம் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். வயிறு எப்போது, எவ்வளவு வேகத்தில் பருத்தது என்று மருத்துவர் கேட்கும்போது, ஊகித்துச் சொல்லாமல் அந்தப் படங்களையே காட்டலாம்.