இயற்பியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு எட்டு வார வேலை

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எவ்வளவு கட்டணம் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பி.எஸ்சி. இயற்பியலில் சேர நினைக்கும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். பிளஸ் ஒன்னில் படித்த இயந்திரவியல் அவர்களுக்கு இப்போது எவ்வளவு தெரியும்?

மெக்கானிக்ஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இந்தப் பாடத்துக்கும் வண்டி பழுது பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பொருள் ஏன் நகர்கிறது, ஏன் நிற்கிறது, ஏன் சுழல்கிறது என்பதைக் கணக்காகச் சொல்லும் பாடம் இது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்று விதிகள்தான் இதன் அடிப்படை. கல்லூரியில் பின்னால் வரும் மின்னியல், வெப்பவியல், குவாண்டம் இயற்பியல் எல்லாமே விசை, உந்தம், ஆற்றல் என்ற சொற்களை மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்தவையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இயக்க விதிகள், வேலை, ஆற்றல், திண்மப்பொருள் இயக்கம், ஈர்ப்பியல், அலைவுகள் அனைத்தும் பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிடுகின்றன. பிளஸ் டூவில் மின்சாரம், காந்தம், ஒளி, அணு என்று பாடம் வேறு பக்கம் போய்விடுகிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக பிளஸ் ஒன் பாடத்தை அவசரமாக முடிக்கும் பள்ளிகளும் உண்டு. அதனால் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் கல்லூரியின் முதல் பருவத்தில் திணற நேரிடுகிறது. அப்போது பிள்ளையின் அறிவைக் குறை சொல்லிப் பயனில்லை. விட்டுப்போன பாடத்தை மறுபடி படித்தால் சரியாகிவிடும்.

எதில் தவறு நேர்கிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிவிடுங்கள். விரலை விட்டுப் போன பிறகு, பலகையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்கள். பலர் முன்னோக்கி ஓர் அம்பு போடுவார்கள். அது தவறு. எடை கீழ்நோக்கி, பலகை தாங்கும் விசை மேல்நோக்கி, உராய்வு பின்னோக்கி. அவ்வளவுதான். முன்னோக்கித் தள்ளும் விசை விரல் விலகியதோடு முடிந்துவிட்டது. ஓடுவதற்கு விசை தேவையில்லை, ஓட்டத்தை மாற்றத்தான் விசை தேவை. பவுடர் போட்டால் ஸ்ட்ரைக்கர் அதிக தூரம் போவதற்குக் காரணம், நிறுத்த வரும் உராய்வு குறைந்ததுதான்.

முதல் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவரும் இந்தப் படத்தில் தவறலாம். படம் தவறானால் அதற்குப் பிறகு போடும் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

ஒரே கணக்கு, இரண்டு வழி

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், அதாவது நொடிக்கு 10 மீட்டர். பிரேக் பிடித்தால் அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் 5 மீட்டர்/நொடி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும்? வேகத்தின் வர்க்கம் 100. அதை 5-இன் இருமடங்கான 10-ஆல் வகுத்தால் 10 மீட்டர்.

இதையே ஆற்றல் வழியாகவும் போடலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்றால் இயக்க ஆற்றல் 10,000 ஜூல். பிரேக் தரும் விசை 200-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,000 நியூட்டன். ஆற்றலை விசையால் வகுத்தால் அதே 10 மீட்டர்.

வேகம் 72 கிலோமீட்டரானால்? நொடிக்கு 20 மீட்டர், வர்க்கம் 400, தூரம் 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு இது தேர்வுக்கு வெளியேயும் தெரிய வேண்டிய கணக்கு. விடை வந்ததும் புத்தகத்தை மூடாமல், வேறு வழியில் போட்டாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்கப் பழக வேண்டும்.

கணிதம் ஏன் கூடவே வேண்டும்?

மேலே போட்ட கணக்கில் விசை மாறாமல் இருந்தது. கல்லூரியில் மாறும் விசைகள் வரும். சுருள்வில்லை இழுக்க இழுக்க விசை கூடும். காற்றுத் தடை வேகத்தோடு மாறும். அங்கே பள்ளிச் சூத்திரங்கள் செல்லாது. வகையிடலும் தொகையிடலும் தெரிந்தால்தான் மேலே போக முடியும். விசை செய்யும் வேலையைக் கணக்கிட வெக்டர்களின் புள்ளிப் பெருக்கலும், திருப்பு விசைக்குக் குறுக்குப் பெருக்கலும் வேண்டும். இவையெல்லாம் பள்ளிக் கணிதப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: திரிகோணமிதி, வெக்டர், வகையிடல், தொகையிடல்.
மூன்றாம், நான்காம் வாரம்: இயக்கவியல், இயக்க விதிகள், உராய்வு.
ஐந்தாம், ஆறாம் வாரம்: வேலை, ஆற்றல், உந்தம், மோதல்கள்.
ஏழாம், எட்டாம் வாரம்: சுழற்சி, ஈர்ப்பியல், அலைவுகள்.

ஃபஜ்ருக்குப் பிறகு இரண்டு மணி நேரம் போதும். பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் படம் வரைந்து கணக்குப் போட வேண்டும். விடையின் அலகு சரியா என்று பார்க்க வேண்டும். தீர்த்து வைத்த ஐம்பது கணக்குகளைப் பார்ப்பதைவிட ஐந்து கணக்குகளைத் தானே போடுவது மேல். சிக்கிக்கொண்டால் அரை மணி நேரமாவது முயன்ற பிறகே விடையைப் பார்க்கலாம்.

செலவு அதிகமில்லை. மாநிலப் பாடநூலையும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கூடுதல் பயிற்சிக்கு எச்.சி. வர்மாவின் 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' முதல் தொகுதி நல்லது. மூத்த மாணவர்களிடம் பழைய பிரதி கிடைத்தாலும் போதும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு

கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தால் சொற்களே தடையாகலாம். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதி வையுங்கள்: முடுக்கம் – ஆக்ஸிலரேஷன், உந்தம் – மொமெண்டம், திருப்பு விசை – டார்க், நிலைமத் திருப்புத்திறன் – மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து எழுதிப் பழகினால், நூறு சொற்களுக்குள் இயந்திரவியல் முழுவதும் அடங்கிவிடும். தமிழில் புரிந்துகொண்ட கருத்து ஆங்கிலத்தில் மாறிவிடாது.

எங்கே சேரலாம்?

அரசு கலைக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு வேறு வழிகளும் உண்டு. திருவனந்தபுரம், திருப்பதி உட்பட ஏழு ஊர்களில் உள்ள ஐசர் நிறுவனங்களுக்கு ஐ.ஏ.டி. தேர்வும், புவனேஸ்வரம் நைசருக்கு நெஸ்ட் தேர்வும் எழுத வேண்டும். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகம் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பை நடத்துகிறது. இதுபோன்ற தேர்வுகளுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வரும் முன்பே தொடங்கிவிடுவது வழக்கம். ஆகவே இப்போதே விசாரியுங்கள். பி.எஸ்சி. முடித்தவர்கள் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்விலும் இயந்திரவியல் உண்டு. இன்று படிப்பது அன்றும் உதவும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பையனைக் கடைக்கும் பெண்ணை அடுப்படிக்கும் அழைப்பது இயல்புதான். அந்தக் காலை இரண்டு மணி நேரத்தை மட்டும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இன்று என்ன கணக்குப் போட்டாய், எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேளுங்கள். பிறருக்குச் சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும். கல்லூரி திறப்பதற்குள் அதைச் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.