டிராக்டரின் சுழல் தண்டு: அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் வட்டாரங்களில் மக்காச்சோளமும் மரவள்ளியும் மிகுதியாக விளைகின்றன. நீர்வசதி உள்ள இடங்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. இந்நிலங்களிலும், பெரிய வண்டி திரும்ப இடமில்லாத கல்வராயன் மலையின் துண்டு வயல்களிலும், 20 அல்லது 25 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர் இன்று நல்ல துணையாக அமைந்துள்ளது. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியமும் வாடகை மையங்களும் சிறு விவசாயிக்கும் யந்திரத்தை எட்டச் செய்துள்ளன. கூட்டுறவுச் சங்கங்களும் யந்திரங்களை வாடகைக்கு அளித்து வருகின்றன. ஒரே யந்திரம் பலருடைய கைக்கு மாறுவதால், அதை அபாயமின்றி உபயோகிக்கும் முறையை அங்கத்தினர் அனைவருமே அறிந்திருத்தல் அவசியமாகிறது.

டிராக்டர் கொக்கிக்கலப்பையை இழுக்கும்போது கலப்பை தானாகச் சுழல்வதில்லை. ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பை, மக்காச்சோளம் அடிக்கும் யந்திரம், குழி தோண்டும் கருவி ஆகியவை அவ்வாறானவை அல்ல. இவற்றுக்கு வேண்டிய சக்தி, டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. என்னும் முனையிலிருந்து ஒரு தண்டின் வழியாகச் செல்கிறது. பி.டி.ஓ.வுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டுள்ள வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது விநாடிக்கு 9 சுற்று.

இவ்வேகத்தின் பொருளைச் சிறு கணக்கால் உணரலாம். 5 சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். விநாடிக்கு 9 சுற்று என்றால், ஒரு விநாடியில் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் துணியை அது தன்மேல் சுற்றிக்கொள்ளும். மூன்று முழத் துண்டு ஒன்று முழுவதும் மறைய ஒரு விநாடி போதும். நெய்த துணி படமரத்தில் எவ்வாறு இறுகச் சுருள்கிறது என்பதை நெசவாள அன்பர்கள் நன்கு அறிவார்கள். படமரத்தை நாம் விரும்பியபோது நிறுத்தலாம். இத்தண்டோ எஞ்சின் ஓடும்வரை நிற்பதில்லை. துணி சுற்றச் சுற்றப் பருமன் கூடி, இழுக்கும் வேகமும் கூடும். கையை உதறி விடுவித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மனத்தில் எழுவதற்குள் துணியுடன் கையும் போய்விடும்.

நமது உடையோ தளர்ந்த உடை. தோள் துண்டு, வேட்டித் தலைப்பு, புடவை முந்தானை, பின்னல் யாவும் இத்தண்டுக்கு எளிதில் இரையாகக் கூடியவை. ஆகவே யந்திரத்தருகே வேலை செய்யும் ஆண்கள் துண்டை அகற்றிவிட்டு, கால்சட்டையோ இறுக மடித்துக் கட்டிய வேட்டியோ அணிதல் வேண்டும். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, மேலே சட்டை அணிந்து, கூந்தலை முடிந்துகொள்ளுதல் வேண்டும். ஓடும் தண்டை ஒருவரும் தாண்டக் கூடாது. சுற்றிச் செல்வதே முறை.

தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று போடப்பட்டிருக்கும். உள்ளே தண்டு சுழன்றாலும் உறை சுழலாதிருக்கச் சிறு சங்கிலி ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் வைப்பதற்காக உறையைக் கழற்றியவர்கள் மீண்டும் மாட்டாமல் விடுவது கிராமங்களில் சாதாரணமாகக் காணும் வழக்கம். யந்திரத்தை வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும், எஞ்சினை நிறுத்திவிட்டு உறையைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அது தடையின்றித் திரும்பினால் நல்ல நிலையில் உள்ளது. உடைந்திருந்தாலோ, தண்டுடன் ஒட்டிக்கொண்டு சுழன்றாலோ யந்திரத்தை ஏற்க வேண்டாம். உறையின் விலையையும் ஒரு குடும்பத்தின் உழைக்கும் கையையும் எடை போட்டுப் பார்த்தால் எது பெரிது என்பது விளங்கும்.

சுழற்கலப்பையில் வேரும் கொடியும் சிக்கும்போதும், சோள யந்திரத்தின் வாயில் கதிர் அடைக்கும்போதும் விபத்துகளுக்கு வழி ஏற்படுகிறது. கிளட்சை மிதித்ததும் கத்திகள் நின்றுவிட்டதாக எண்ணக் கூடாது. முன் வேகத்தால் அவை சிறிது நேரம் சுழலும். பி.டி.ஓ. லீவரை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கத்திகள் அசையாமல் நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே கைவைக்க வேண்டும். சாவி வண்டியில் இருந்தால், விவரம் அறியாத வேறொருவர் எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடும். தூக்கி நிறுத்திய கருவியின் கீழே செல்லுமுன் கட்டையால் முட்டுக் கொடுத்தல் வேண்டும். ஹைட்ராலிக் விசையை மட்டும் நம்பலாகாது.

சில கருவிகளில் ஷியர் போல்ட் என்னும் மெல்லிய போல்ட் இருக்கும். கல் தடுக்கினால் தான் உடைந்து பல்சக்கரங்களைக் காப்பதே அதன் வேலை. அவ்விடத்தில் கடின எஃகுப் போல்ட்டையோ ஆணியையோ செருகுவது பெருநஷ்டத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். வரப்போரம் திரும்பும்போது சுழற்சியை நிறுத்திவிட்டே கலப்பையை உயர்த்த வேண்டும். மட்கார்டின்மேல் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு உழுவதை அறவே விலக்க வேண்டும். தவறி விழுந்தால் பின்னால் வருவது கத்திகளே.

கல்வராயன் மலைச் சரிவுகளில் மற்றோர் அபாயமும் உண்டு. சிறு டிராக்டர் எடை குறைந்தது. கனமான கருவி பின்னால் தொங்க மேட்டில் ஏறினால் முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழலாம். ஆதலால் முன்புறம் தகுந்த எடை பூட்டுதல் நன்று. கருவியை உயரத் தூக்கிக்கொண்டு சரிவின் குறுக்கே செல்லுதல் கூடாது. தாழ்த்தி, மெதுவாகச் செலுத்துக. செங்குத்தான சரிவில் யந்திரத்தை இறக்காமல் மாட்டு ஏரையே நம்புவது விவேகமாகும்.

இந்த எச்சரிக்கைகள் அனுபவத்தில் பிறந்தவை. வட இந்தியாவில் கோதுமை கதிரடிக்கும் யந்திரங்களில் கையிழந்தோர் பலர். அதன் விளைவாகப் பாராளுமன்றம் 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிற்று. அவற்றின் உற்பத்தி, விற்பனை, உபயோகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவும், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நஷ்டஈடு கிடைக்கவும் அச்சட்டம் வகை செய்கிறது. கதிரைத் தள்ளும் வாய் நீண்டும் மூடியும் இருந்தால் கை உருளையை எட்டாது. அவ்வாய் குட்டையாகவோ திறந்தோ உள்ள யந்திரத்தை மலிவு கருதி வாங்குவது தகாது.

விபத்து நேர்ந்துவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்துக. இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-க்குச் சொல்லுக. துண்டான விரலைச் சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டுசெல்லுக. பனிக்கட்டி நேரே விரலில் படலாகாது. மலைக் கிராமங்களிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதை நினைவிற் கொள்க.

யந்திரத்தை வாடகைக்கு விடும் ஒவ்வொரு சங்கமும், உறை, சங்கிலி, போல்ட் ஆகிய மூன்றையும் சரிபார்த்துப் பதிவேட்டில் குறித்த பிறகே அதை வெளியே அனுப்பும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். இதற்குக் கால் மணி நேரம் போதும். வாடகை வரவைக் கணக்கில் ஏற்றுவதில் காட்டும் கவனத்தை, அங்கத்தினரின் கையையும் காலையும் காப்பதிலும் காட்டுதல் சங்கத்தின் கடமையாகும்.