வாசலில் நின்றால் 590 ரூபாய்! டீசல் வண்டி வாங்குமுன் ஒரு கணக்கு

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் காய்கறி மார்க்கெட் பெயர் பெற்றது. தக்காளி, கத்தரி, முருங்கை என்று அங்கே வந்து இறங்காத காய் இல்லை. கேரளத்து வீடுகளில் கொதிக்கும் சாம்பாருக்கு இங்கிருந்துதான் லாரி லாரியாகக் காய் போகிறது.

பெரிய லாரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன வண்டிகள் புகுந்து புறப்படுவதைப் பார்க்கலாம். தோட்டத்துக் காயை மார்க்கெட்டில் கொண்டு வந்து சேர்ப்பவை அவைதான். ஒரு காலத்தில் மாட்டு வண்டி செய்த வேலை!

2005-ம் ஆண்டு டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற சின்ன லாரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டே சிலிண்டர். 16 குதிரை சக்தி. முக்கால் டன் பாரம் இழுக்கும். தமிழ்நாட்டு ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'குட்டி யானை'. கம்பெனி வைத்த பெயரைவிட அதுவே நிலைத்துவிட்டது. 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. ஒன்றேகால் டன் இழுக்கும் வண்டி. மகேந்திராவின் பொலிரோ பிக்கப்பில் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றும் ரகமும் உண்டு.

"ஒரு வண்டியை வாங்கிப் போட்டால் பிழைத்துக் கொள்ளலாம்." கிராமத்துப் பையன்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான்.

பிழைத்துக் கொள்ளலாம். பலர் பிழைத்தும் இருக்கிறார்கள். ஆனால் டீசல் வண்டிதான் வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பத்து வருஷத்துக்கு முன்பு சொன்ன பதிலை இன்றைக்கும் சொல்லக் கூடாது.

மலிவு போன கதை

முன்பெல்லாம் டீசல் விலையை அரசாங்கமே கட்டுப்படுத்தி வைத்திருந்தது. பஸ், லாரி, வயல் பம்ப் செட் எல்லாம் அதில் ஓடுகின்றன அல்லவா? விலை ஏறினால் அரிசி, பருப்பு எல்லாம் ஏறும் என்ற பயம். 2012-ம் வருஷக் கோடையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்த நாளில் டீசல் வண்டி வாங்கியவன் கணக்கே போட வேண்டியதில்லை.

2014 அக்டோபரில் அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. 2024-ல் சென்னையில் பெட்ரோல் சுமார் 100 ரூபாய். டீசல் சுமார் 92 ரூபாய். வித்தியாசம் எட்டே ரூபாய்!

அப்படியானால் டீசல் என்ஜினுக்கு இன்னும் ஏன் மதிப்பு?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். இந்தச் சின்ன சங்கதியில்தான் டீசல் என்ஜினின் ரகசியம் இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி வைத்துக் கொளுத்த வேண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறியே கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு பங்கு இறுக்கி அமுக்கிவிட்டால் அது கொதித்துப் போகிறது. அதில் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றிக் கொள்ளும். எண்ணெயின் சக்தி வீணாவது குறைவு. மெதுவாகப் போகும்போதே இழுவை அதிகம். பாரத்தோடு மேடு ஏறுகிற வண்டிக்கு இதுதான் வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். அவர் பெயர்தான் எண்ணெய்க்கே பெயராகிவிட்டது. 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தம் என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், இரவோடு இரவாகக் காணாமல் போனார். தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். கடன் தொல்லை அவருக்கும் இருந்தது!

மாமா கேட்ட கேள்வி

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம் என்று வையுங்கள். மூன்று ஏக்கர் தோட்டம். தக்காளியும் முருங்கையும் போட்டிருக்கிறார்கள். வாலிபனுக்கு வண்டி வாங்க ஆசை. மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருக்கிறது. தாய்மாமன், முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

"எட்டு லட்ச ரூபாய் வண்டி, மாமா. கையிலிருந்து ஒரு லட்சம். மீதி ஏழு லட்சம் பைனான்ஸ். அஞ்சு வருஷத் தவணை. மாசம் பதினஞ்சாயிரத்துச் சொச்சம். கட்ட முடியாதா?"

"கட்டலாம் மாப்பிள்ளை. வண்டி தினம் எவ்வளவு தூரம் ஓடும்?"

"தோட்டத்திலிருந்து மார்க்கெட் பன்னிரண்டு கிலோமீட்டர். போக வர இருபத்து நாலு."

"அப்புறம்?"

"அப்புறம்... வாசலில் நிற்கும்."

மாமா பேசவில்லை. வாலிபனின் மனைவிதான் பேசினாள்.

"ஏங்க, வண்டி நின்னாலும் தவணை நிக்காதுங்களே!"

அவள் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஏழு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது கொடுத்த மொத்தப் பணம் ஒன்பது லட்சத்துக்கு மேல். வட்டி மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ் மட்டுமே, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022-ல் வருஷத்துக்குச் சுமார் 16,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து வருஷம் 30,000 என்று வைத்தால், மாதம் 2,500.

ஆக மாதம் 17,700. முப்பது நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 590 ரூபாய். இதில் டீசல் சேரவில்லை. டயர் சேரவில்லை. டிரைவர் சம்பளம் சேரவில்லை. வண்டி வாசலில் படுத்துத் தூங்கினாலும் கொடுக்க வேண்டிய பணம் இது!

இருபத்து நாலு கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வீதம், இரண்டு லிட்டர் டீசல். அது 184 ரூபாய். மொத்தம் 774. இப்போது வாடகை வண்டிக்கு நடைக்கு 500 ரூபாய் கொடுக்கிறார்கள் என்றால், சொந்த வண்டியில் போவதற்கு 274 ரூபாய் அதிகம் கொடுக்கப் போகிறார்கள். அதுவும் காய் இருக்கும் நாளில். காய் ஓய்ந்த மாதத்தில் 590 ரூபாய் சும்மாவே போகும்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாரும் எனக்கே லோடு தர்றதாச் சொல்றாங்க, மாமா."

"வாய் வார்த்தையா சொன்னா போதாது. ஒரு நோட்டு வாங்கு. யாருக்கு, எந்த மாசம், எத்தனை பெட்டி, எந்த ஊருக்குன்னு கேட்டு எழுது. ஒரு மாசம் வாடகை வண்டியை வச்சு அந்த லோடை ஓட்டிப் பாரு. வண்டி அப்புறம் வாங்கலாம். கம்பெனி ஓடிப் போயிடாது."

இதைவிட நல்ல யோசனை கிடைப்பது கஷ்டம். அந்த நோட்டில் கட்டாயம் எழுத வேண்டியது திரும்பி வரும்போது லோடு உண்டா என்பது. ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். போக வர 200 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 லிட்டர் டீசல். 1,500 ரூபாய்க்கு மேல். கொடைரோட்டில் சுங்கமும் உண்டு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காயை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினால், பாதி டீசல் காற்றைச் சுமந்து வருவதற்கே செலவாகிறது. மளிகையோ உரமோ ஏற்றி வர ஒரு கடைக்காரர் பழக்கமாக இருந்தால் கதையே வேறு. பழைய லாரிக்காரர்கள் வண்டியை வாங்குமுன்பே அந்தக் கடைக்காரரைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

தூரம் இருந்தால் டீசல்

இன்னொரு கணக்கு. ஒரே அளவுள்ள இரண்டு சின்ன வண்டிகள். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். டீசல் வண்டி ஒரு லட்ச ரூபாய் கூடுதல் விலை என்று வையுங்கள். டீசலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோலில் 14 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டு ரூபாய் டீசலில் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த லட்சம் திரும்பி வர 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

தினம் 150 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள் ஓடுகிறவனுக்கு அது பதினாலு மாதத்தில் வந்துவிடும். தினம் 24 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கோ ஏழு வருஷம் ஆகும். கடனே அஞ்சு வருஷத்தில் முடிந்துவிடும்!

கிட்டத்து ஓட்டக்காரருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. விற்பனைக் கூடத்தில் இதை அநேகமாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்தியா முழுவதும் 'பி.எஸ்.6' என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. டீசலில் இருக்கும் கந்தகத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். புதிய டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டியும் வந்தது. டி.பி.எஃப். என்பார்கள். ஊருக்கு நல்லது. குழந்தைகளின் நெஞ்சுக்குள் போக வேண்டிய கரி அதில் தங்கிவிடுகிறது.

ஆனால் பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் இருபது நிமிஷம் போல ஓடினால் அந்தச் சூடு கிடைத்து, கரி தானாக எரிந்துபோகும். தெருவுக்குத் தெரு நின்று நின்று தண்ணீர் கேன் போடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. கரி அடைக்கிறது. விளக்கு எரிகிறது. அதையும் பார்க்காமல் ஓட்டினால் என்ஜின் இழுக்க மறுக்கிறது. பிறகு ஒர்க் ஷாப்புதான்.

ஆகவே டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் பெட்ரோல், கேஸ் வண்டிகளைப் பார்ப்பது நல்லது. 2022-ல் குட்டி யானையே பேட்டரியில் ஓடும் ரகமாக வந்துவிட்டது. மலையும் பாரமும் தூரமும் உள்ளவர்களுக்கு டீசல். ஒட்டன்சத்திரத்து வாலிபனின் நோட்டில் மதுரை லோடு வாரத்துக்கு நாலு நாள் இருந்து, திரும்புகால் சரக்கும் இருந்தால், மாமாவே சங்கிலியை எடுத்துக் கொண்டு முன்னால் நடப்பார்.

யானைப் பாரம் வேண்டாம்

குட்டி யானை என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், பெரிய யானையின் பாரத்தை ஏற்றுகிறார்கள்! 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். அதிகமுள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு மாதத் தவணைக்கு மேல் ஒரே நாளில் போய்விடும்.

பெரிய ஆபத்து வேறு. குலதெய்வம் கும்பிடப் போக, நாற்று நட ஆள் கூட்டிப் போக, சரக்கு வண்டியில் பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்திக்கொண்டு போகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் உயிருக்கு ஆபத்து. அப்படிச் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு ஏற்காது. நஷ்ட ஈட்டுக்குச் சொந்தக்காரனின் தோட்டமும் வீடும் பதில் சொல்ல வேண்டி வரும். "மாமன் மச்சான்தானே, ஏறுங்கள்" என்று சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும்.

காகித விஷயத்தில் சில சலுகைகள் உண்டு. பாரத்தோடு சேர்த்து 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. எஃப்.சி. மட்டும் தப்பாது. முதல் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு வருஷா வருஷம்.

பழைய வண்டியா?

புதிதுக்குப் பணம் இல்லாதவர்கள் செகண்ட் ஹேண்ட் பார்க்கிறார்கள். தப்பில்லை. காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் கிளம்பத் திணறுகிறதா என்பதுதான் முதல் பரீட்சை.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் மெக்கானிக்கைக் கேளுங்கள். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை வருகிறதா? உள்ளே ரிங் தேய்ந்திருக்கக் கூடும். செலவு பெரியது.

அடுத்து ஆர்.சி. புத்தகம். அதில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால் வண்டியின் மேல் கடன் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். "கட்டி முடித்துவிட்டேன்" என்ற பேச்சு உதவாது. கடன் தீர்ந்ததற்குப் பைனான்ஸ் கம்பெனி எழுதித் தரும் கடிதமும், அவர்கள் கையெழுத்துப் போட்ட 35-ம் நம்பர் படிவமும் கைக்கு வரட்டும். அதற்குப் பிறகு முன்பணத்தை எண்ணிக் கொடுங்கள்.